ஏப்பச் சீட்டு

எங்கள் சாத்தாவூரில் ஏப்பங்கள் பேசத் தொடங்கியது ஆவணி மாதத்தின் முதல் முகூர்த்த நாளில், பேரூராட்சிக் கல்யாண மண்டபத்தின் இரண்டாம் பந்தியில். மணப்பெண்ணின் தாய்மாமன் இலையை மூடிவிட்டு நிமிர்ந்து, வயிற்றைத் தடவிக்கொண்டு ஒரு நீண்ட ஏப்பம் விட்டார். அந்த ஏப்பம் அவருடைய குரலிலேயே, ஆனால் அவர் பேசுவதைவிடத் தெளிவாக, "காலையில முறுக்கு நாலு, மண்டபத்துக்கு வந்ததும் கலர் ஒரு பாட்டில், பாதுஷா ரெண்டு, அப்புறம் இந்தச் சாப்பாடு" என்று வரிசையாகச் சொல்லி முடித்தது. பந்தியில் ஒருவரும் பயப்படவில்லை. எதிர் வரிசையில் இருந்த ஒருவர் மட்டும் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "ஏன்யா, எங்களுக்கெல்லாம் பாதுஷா ஒண்ணுதானே வச்சே?" என்று சண்டைக்குப் போனார்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் எல்லார் ஏப்பமும் பேசிற்று. கூட்டவில்லை, குறைக்கவில்லை, விடிந்ததிலிருந்து வாய்க்குள் போனதைப் போன வரிசையில் சொல்லிவிட்டு அடங்கிற்று. ஒரு வாரத்தில் ஊர் அதற்கும் ஒரு நடைமுறை வைத்துக்கொண்டது. விருந்துக்குப் போன இடத்தில் கை கழுவியதும் கிளம்பிவிடக் கூடாது, ஏப்பம் வந்து சொல்லவேண்டியதைச் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பதே மரியாதை என்றானது. கிருத்திகை விரதக்காரர்கள் அன்று முழுக்க வாயில் துண்டை வைத்துக்கொண்டு நடந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொல்வதை விட்டுவிட்டு, பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆளுக்கொரு சோடாவைக் கொடுத்து, இரண்டு ஏப்பமும் ஒத்துப்போகிறதா என்று காதுகொடுத்துக் கேட்டார்கள்.

இதனால் அதிகம் சந்தோஷப்பட்டவர்கள் டாக்டர்கள்தான். "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டு, "ரெண்டே ரெண்டு இட்லி டாக்டர்" என்ற பதிலைக் காலமெல்லாம் கேட்டுச் சலித்தவர்கள் அவர்கள். இப்போது கம்பவுண்டர் ஒரு வெறும் சோடாவை உடைத்துக் கொடுத்து, ஏப்பம் சொல்வதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மூன்று நாள் காகிதங்களைச் சேர்த்துப் பின் குத்திக் கொடுத்துவிடுவார். அதற்கு ஏப்பச் சீட்டு என்று பெயர் வந்தது. ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் ரத்தச் சீட்டு, நீர்ச் சீட்டு, ஏப்பச் சீட்டு மூன்றையும் கொண்டுபோக வேண்டும் என்று ஆஸ்பத்திரிச் சுவர்களில் எழுதி ஒட்டினார்கள்.

என் பெயர் பேச்சியம்மாள். பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். எனக்குப் பேச்சு வராது என்றில்லை, வெளியே வராது. கண்டக்டர் தப்பான ஊருக்கு டிக்கெட் கிழித்தால் அந்த ஊரிலேயே இறங்கி, அங்கிருந்து நடந்து வருகிறவள் நான். விலங்கியலில் முதுகலை முடித்துவிட்டு, போட்டித் தேர்வுக்காக எங்கள் ஊர் நூலகத்தின் வாசிப்பறையில் நாற்பது பேரோடு எட்டு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தேன், அந்த எட்டு மாதத்தில் அங்கே ஒருவரும் என் குரலைக் கேட்டதில்லை, ஏப்பங்கள் பேசத் தொடங்கிய மூன்றாம் நாள் காலை பதினொன்றரை மணிக்கு, மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்ட அந்த அறையில், எனக்கு ஒரு ஏப்பம் வரும்வரை.

"கிரீம் பன் ரெண்டு, ஆரஞ்சு கலர் பெரிய பாட்டில், மசாலாச் சிப்ஸ் ஒரு பாக்கெட், அப்புறம் இன்னொரு பாக்கெட்" என்றது அது, மேடையில் ஏறிச் சொல்வதுபோல. அந்த 'இன்னொரு'வை ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "அட, இந்த அக்காவுக்கு எவ்வளவு நல்ல குரல்!" என்றாள். நான் இந்திய அரசியலமைப்புப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்து, மத்தியானம்வரை எடுக்கவில்லை.

அந்த வருஷம்தான் எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தார்கள். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, எடை எல்லையைத் தாண்டிவிட்டது, இருபத்தாறு வயசுக்கு இது நல்லதில்லை என்றார்கள். எல்லையில் நிற்பது எனக்குப் பழக்கம்தான், எந்தக் கூட்டத்திலும் நான் அங்கேதான் நிற்பேன் என்பதால் பெரிதாகக் கவலைப்படவில்லை. கவலை அப்பாவைப் பற்றி.

அப்பா வேலாயுதம் அரசு பஸ் டிரைவர். செங்கோட்டை மலைப்பாதையில் முப்பத்தோரு வருஷம் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர். வழியில் பஸ் நிற்கிற ஓட்டல்களில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் எல்லாம் இலவசம். அப்படி முப்பத்தோரு வருஷம், தினம் போகும்போது ஒரு ரோஸ் மில்க்கும் தேங்காய் பன்னும், வரும்போது ஒரு ரோஸ் மில்க்கும் தேங்காய் பன்னும். ஓய்வு பெற்ற பிறகு பஸ்ஸை விட்டுவிட்டார், மற்றதை விடவில்லை. அவருடைய இடது கண்ணைச் சர்க்கரை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சமிருக்கிற வலது கண்ணில் புரை. சர்க்கரை இருநூறுக்குக் கீழே வந்தால்தான் ஆபரேஷன் என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள், தை மாதத்தைத் தாண்டினால் அந்தக் கண்ணுக்கும் உத்தரவாதம் இல்லை என்றும் சொல்லியிருந்தார்கள்.

இதெல்லாம் தெரிந்தும் தினம் நாலு மணிக்கு நூலகத்திலிருந்து வரும்போது பிளாஸ்கில் அவருக்கு ரோஸ் மில்க் வாங்கி வந்தது நான்தான். அவர் கேட்கக்கூட மாட்டார். முற்றத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஏட்டி பேச்சி, வெளியே வெயில் ஜாஸ்தியோ?" என்பார். அவ்வளவுதான், நான் பிளாஸ்கைத் திறந்துவிடுவேன். அவருக்கு இரண்டு டம்ளர், துணைக்கு எனக்கு ஒன்று. எனக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வராது என்றுதான் என்னிடமே சொல்லிக்கொள்வேன், என் டம்ளரைப் பற்றி யோசிக்காமல்.

ஏப்பம் பேசிய முதல் வாரத்திலேயே அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அப்பாவின் ஏப்பம் அடுக்களைவரை கேட்டது. அம்மா சொர்ணம் கையில் கரண்டியோடு வந்து எங்கள் இருவர் முன்னாலும் நின்று, "உங்களுக்குக் கண்ணு போனா போகட்டும், காது எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் கேழ்வரகுக் கூழும் சுண்டலும் நீர்மோரும்தான்.

எங்கள் வீட்டில் மட்டுமில்லை. அக்கம்பக்கத்துக்குக் கேட்கும் என்ற வெட்கத்தில் ஊரே வாயைக் கட்டிற்று. ஆறு வாரத்தில் ஊரில் வேட்டிகள் தளர்ந்தன, தையற்கடைகளில் ஜாக்கெட் பிடித்துக் கொடுக்கக் கூட்டம் நின்றது, அப்பாவின் சர்க்கரை முந்நூற்றுப் பத்திலிருந்து இருநூற்றுப் பத்துக்கு இறங்கிற்று. அதற்குள் இருநூறுக்குக் கீழே வந்துவிடும் என்று கார்த்திகையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அல்போன்ஸ் அண்ணாச்சியின் பேக்கரியில் மட்டும், அண்ணாச்சியும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொள்ளலாம் என்கிற அளவுக்கு இடம் கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கத்து வீட்டுக் கனியம்மா அத்தை பேக்கரிக்குப் போய் ஒரு டோனட் தின்றாள். டோனட் என்ற சொல் அத்தையின் நாக்கில் நிற்காது, நடுவில் ஓட்டை இருப்பதால் அவளுக்கு அது எப்போதும் வடைதான். தின்று முடித்து அங்கேயே ஏப்பம் விட்டாள். "காலையில பழைய சோறு, இப்போ வடை ஒண்ணு" என்றது ஏப்பம்.

அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்துவிட்டார். "அத்தே, இன்னொண்ணு தின்னுங்க, சும்மா தின்னுங்க" என்று கையில் வைத்தார். தின்றாள். மறுபடியும் வடை. ஏப்பத்துக்கு வயிற்றில் கிடப்பது எதுவென்று தெரியாது, வாய் அதை என்ன பெயர் சொல்லி விழுங்கிற்றோ அந்தப் பெயர்தான் தெரியும் என்பதை எங்கள் ஊரில் முதலில் கண்டுகொண்டவர் அல்போன்ஸ் அண்ணாச்சி. அன்று சாயங்காலமே ஈரத் துணியால் கடைப் பலகையைத் துடைத்துவிட்டு, சாக்பீஸால் புதுசாக எழுதினார்: ரோஸ் மில்க் இருந்த இடத்தில் சீரகத் தண்ணீர், ஆரஞ்சு கலர் இருந்த இடத்தில் நீர்மோர், கிரீம் பன்னுக்கு அவித்த பயறு, சிப்ஸுக்கு வெள்ளரிப் பிஞ்சு.

பெயரை மாற்றிச் சொன்னால் மட்டும் போதாது. விழுங்கும்போது மனசும் அதை நம்பியிருக்க வேண்டும், கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் ஏப்பம் பழைய பெயரைச் சொல்லிக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஊர் பழகிற்று. கண்ணை மூடிக்கொண்டு, "அவித்த பயறு, அவித்த பயறு" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுக் கடிப்பார்கள். தலைமை ஆசிரியருக்கு ஒரு வாரம் பிடித்தது, வங்கி மேனேஜருக்கு நாலு நாள். நான் முதல் நாளே தேறிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்தே வாங்கிய என் முதுகலைப் பட்டம் ஒரு காரியத்துக்கு உதவியது அன்றைக்குத்தான்.

"என்னம்மா பேச்சி, சீரகத் தண்ணி பிளாஸ்குல ஊத்தட்டுமா?" என்றார் அண்ணாச்சி.

நான் தலையாட்டினேன்.

"அப்பாவுக்குத்தானே? பெரியவருக்கு நல்லது. ஜீரணமாகும்" என்றார், துளியும் சிரிக்காமல். அவரும் நம்பத் தொடங்கியிருந்தார்.

இப்படியே ஐப்பசி போயிற்று. எங்கள் தெருவில் கீரை விற்கிறவள் வராமல் நின்றுவிட்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நீர்மோர் என்றால் ஆரஞ்சு நிறத்தில் நுரைக்கும் என்றே தெரிந்தது, வெள்ளையாக ஒன்றைக் கொடுத்தால் கெட்டுப்போய்விட்டது என்று துப்பின. அம்மா நாலரை மணிக்கு அடுக்களையில் நின்றபடியே அப்பாவின் ஏப்பத்தைக் கேட்பாள், "மத்தியானம் கூழு, சுண்டல், இப்போ சீரகத் தண்ணி ரெண்டு டம்ளர், அவிச்ச பயறு" என்று கேட்டதும், "மனுஷன் திருந்திட்டாரு" என்று கனியம்மா அத்தையிடம் சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சொல்லுவாள். அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபோது மட்டும் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ அடைத்தது. அதுவும் சீரகத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

கார்த்திகை பத்தாம் தேதி அம்மாவும் நானும் அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். எங்கள் ஊரிலிருந்தே முப்பத்தெட்டுப் பேர் அன்றைக்கு வந்திருந்தார்கள், கனியம்மா அத்தையும்தான். நீளக் கூடத்தில் எல்லாரும் மடியில் மூன்று சீட்டுகளோடு உட்கார்ந்திருந்தோம். கூடத்தின் கோடியில் ஒரு திரைகூட இல்லாமல் மேஜை போட்டு, ஆபரேஷனுக்கு முன்னால் சர்க்கரையைப் பார்க்கிற டாக்டர் ரஹ்மத் இருந்தார். அங்கே சொல்வது இங்கே எல்லாருக்கும் கேட்கும்.

அப்பாவின் விரலில் குத்திப் பார்த்தார்கள். முந்நூற்று நாற்பது.

டாக்டர் ஏப்பச் சீட்டை எடுத்துப் படித்தார். மறுபடியும் படித்தார். "ஐயா, இவ்வளவு கட்டுப்பாடா யாரும் சாப்பிட்டு நான் பாத்ததில்ல. கூழு, சுண்டல், சீரகத் தண்ணி, பயறு. மூணு நாளும் இதுதான். இருந்தும் ஏறியிருக்குன்னா மருந்து உங்களுக்குப் பத்தல. இன்னைக்கே இங்க அட்மிட் ஆகுங்க. ஊசி மருந்தை ரெண்டு பங்கா கூட்டறேன், வார்டு சாப்பாடும் இதே மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லி எழுதத் தொடங்கினார்.

வார்டு சாப்பாடு இதே மாதிரி இருக்கும். வார்டில் தருவது நிஜச் சீரகத் தண்ணீர், நிஜப் பயறு. ரோஸ் மில்க் குடிக்கிற உடம்புக்கு அளந்த மருந்தை இரண்டு பங்காக ஏற்றிவிட்டு, ரோஸ் மில்க்கை நிறுத்தினால், இரண்டு நாளில் அப்பாவின் சர்க்கரை எங்கே போய் விழும் என்பதற்கு முதுகலை தேவையில்லை. கண் இருக்கட்டும், அப்பாவே எழுந்திருக்க மாட்டார்.

"டாக்டர்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். "பேச்சி, வேண்டாம்" என்றார் மெதுவாக. "மூணாந்தடவையும் திருப்பி அனுப்பிருவாங்கம்மா."

கூடத்திலிருந்த முப்பத்தேழு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் மடியிலும் அவித்த பயறும் நீர்மோரும்தான் இருந்தன. நான் வாயைத் திறந்தால் எல்லார் சீட்டும் வெறும் காகிதமாகிவிடும் என்று அநேகமாக எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி தலையை இடமும் வலமும் ஆட்டி, "ஏளா, வேண்டாம்" என்று உதட்டசைவிலேயே கெஞ்சினாள். பிறந்ததிலிருந்து எந்தக் கூட்டமும் என்னிடம் பேசாதே என்று கேட்டுக்கொண்டதில்லை. அதற்கு அவசியமே வந்ததில்லை.

"டாக்டர், அது சீரகத் தண்ணி இல்ல."

"என்னம்மா?"

"சீரகத் தண்ணி இல்ல, டாக்டர்."

"கேக்கலம்மா. கொஞ்சம் சத்தமா."

"ரோஸ் மில்க்!" என்று கத்திவிட்டேன். எனக்கு அளவு தெரியாது, பழக்கமில்லை. கூடத்துக்கு வெளியே மருந்து வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "தினம் ரெண்டு டம்ளர். பயறுன்னு போட்டிருக்கிறது கிரீம் பன். நான்தான் வாங்கிக் கொடுத்தேன். நானும் குடிச்சேன். மருந்தைக் கூட்டாதீங்க டாக்டர், இங்க வந்தா நிஜப் பயறுதானே கொடுப்பீங்க, அப்பா தாங்கமாட்டாரு."

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு எழுந்து, கூடத்தைப் பார்த்து, "சாத்தாவூர்க்காரங்க எத்தனை பேரு?" என்று கேட்டார். யாரும் கையைத் தூக்கவில்லை. கனியம்மா அத்தை மட்டும், "அப்போ நான் தின்னது வடை இல்லையா?" என்று கேட்டாள். அவளுக்கு நிஜமாகவே தெரியாது.

முப்பத்தெட்டுப் பேரும் ஒரே பஸ்ஸில் திரும்பி வந்தோம். அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார், அவருக்கு அங்கே ஒன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அதன் பிறகு ஊரில் யாரும் என்னோடு பேசவில்லை. நானும் அதற்கு முன்னால் யாரோடும் பேசாதவள் என்பதால், அவர்கள் பேசாமல் இருப்பது எனக்குத் தெரியவே ஒரு வாரம் ஆயிற்று. அல்போன்ஸ் அண்ணாச்சி மட்டும் ஒரு நாள் என்னை நிறுத்தி, "கெடுத்திட்டியேம்மா" என்றார். "ஊர்ல ஒருத்தராலயும் இப்போ நம்ப முடியல. கண்ண மூடி பயறு பயறுங்காங்க, ஏப்பம் பன்னு பன்னுங்குது." நான் மன்னிப்புக் கேட்டேன். அது அவருக்குக் கேட்டதா தெரியவில்லை.

அப்பா பேசாமல் இருந்ததுதான் வேறு. பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் நாலு மணிக்கு முற்றத்து நாற்காலியிலிருந்து, "வெயில் ஜாஸ்தியோ?" என்றார், யாரையோ கேட்பதுபோல.

"ஜாஸ்திதாம்பா. ஆனா ரோஸ் மில்க் கிடையாது" என்றேன்.

"நான் அதைக் கேட்டேனா?"

"கேட்டீங்க."

"சரி, உனக்குக் கிடையாதுன்னா எனக்கும் வேண்டாம்" என்றார். அதுவரை என் டம்ளரை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை என்பதை அவர் கண் தெரியாமலே பார்த்திருந்தார்.

அதனால் இருவரும் சேர்ந்தே குறைத்தோம். கதைகளில் வருவதுபோல ஒரே நாளில் விட்டுவிடவில்லை. முதல் வாரம் நான் நாலு பேர்மேல் எரிந்து விழுந்தேன், அப்பா கூழ்ச் சட்டியை நகர்த்திவிட்டு அரை நாள் முறைத்தார், நாலு மணி ஆனால் இருவரும் முற்றத்தில் எதிரெதிரே உட்கார்ந்து மோரைக் குடித்துக்கொண்டு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டோம். நான் ஒரு வியாழக்கிழமை நூலகத்தின் பின்புறம் ஒளிந்து ஒரு கிரீம் பன்னைத் தின்றேன், அன்றைக்கு என் ஏப்பம் வீட்டு வாசலிலேயே அதைச் சொல்லிற்று, அப்பா முற்றத்திலிருந்து, "சத்தமா, கேக்கல" என்றார். மார்கழி முடிவதற்குள் அல்போன்ஸ் அண்ணாச்சி பலகையைத் துடைத்துப் பழைய பெயர்களையே எழுதி, பக்கத்தில் 'அரை கிளாஸும் கிடைக்கும்' என்று சேர்த்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக ஊரும் அரை கிளாஸ் கேட்கப் பழகிற்று. கீரைக்காரியின் குரல் மறுபடி தெருவில் கேட்டது.

தை ஐந்தாம் தேதி அப்பாவுக்கு நூற்று எழுபத்தெட்டு. டாக்டர் ரஹ்மத் ஏப்பச் சீட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "நீ சொல்லும்மா, என்ன சாப்பிட்டாரு?" என்றார். சொன்னேன். கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே ஆபரேஷன் நடந்தது.

மறுநாள் காலை கட்டுப் பிரித்தார்கள். பன்னிரண்டு கட்டில்கள் இருந்த வார்டு. நர்ஸ் பஞ்சை எடுத்ததும் அப்பா இமையை மெல்லத் திறந்து, நீர் வடிய, முதலில் விளக்கைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார், அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கட்டிலின் கால்மாட்டில் நின்ற என்னை மேலிருந்து கீழ்வரை, ஒரு வளைவில் எதிரே வருகிற வண்டியைப் பார்ப்பதுபோல, நிதானமாகப் பார்த்தார்.

"ஏட்டி பேச்சி" என்றார், "நீ மெலிஞ்சிட்டேன்னு உங்கம்மா ஒரு மாசமா சொல்லுதாளே!"

"மெலிஞ்சதுக்கு அப்புறம்தாம்பா இது" என்றேன்.

பன்னிரண்டாவது கட்டிலில் இருந்தவர்கூடச் சிரித்தார்.